மாமாவின் பதினொரு நிமிடம்

‘தெரியாது’ என்ற சொல்லை முப்பத்தொன்பது வயதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வழி கேட்டவர்களுக்கு நான் போகாத ஊர்களுக்கும் வழி சொல்லியிருக்கிறேன். தலையிடி என்று வந்தவர்களுக்குக் குளிசையின் பெயர் சொல்லியிருக்கிறேன். (எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன்.) நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருநாள் பிரிண்டருக்குள் சிக்கிக் கிடந்த தாளைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து அங்கே மரியாதையாக எனக்குக் ‘கொம்பியூட்டர் சேர்’ என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வீடு என்றால் மாமியின் வீடு. நான் பண்டத்தரிப்புக்காரன். குருநகரில் கல்யாணம் செய்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி றீற்றாவின் வீட்டோடு வந்து சேர்ந்தவன். மாமா வள்ளங்களுக்குப் பூட்டும் எஞ்சின்களைத் திருத்துகிறவர். ‘எஞ்சின் சூசை’ என்றால் கரையோரம் முழுக்கத் தெரியும். கடலில் போகிற வள்ளத்தின் சத்தத்தைக் கரையில் நின்று கேட்டுவிட்டு, “உது நாளைக்கு நிண்டுபோகும்” என்பார். மறுநாள் அது நின்றுபோகும்.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டாவது வயதில் இருதயம் பழுதடைந்தது. தன் சத்தத்தையும் அவர் கேட்டிருக்க வேண்டும். இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்ததும் அவர் அழவும் இல்லை, பாவசங்கீர்த்தனத்துக்குச் சுவாமியாரிடம் ஓடவும் இல்லை. பிரான்சில் இருக்கும் மூத்த மகள் பிலோமினா அனுப்பியிருந்த டப்லெட்டை (எங்கள் வீட்டில் அது ‘டப்’) மடியில் வைத்து, குரல் பதிவு செய்யும் படத்தை அழுத்தி, மாமிக்கு வீட்டை ஒப்படைக்கத் தொடங்கினார்.

பதினொரு நிமிடம். தண்ணீர் மோட்டருக்கு முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றாமல் போட்டால் எரிந்துபோகும். காணி உறுதி அலுமாரியில் இரண்டாம் தட்டில், வெள்ளைத் துணிக்குக் கீழே. எரிவாயு சிலிண்டரின் திருகை இடப்பக்கம் திருப்பக் கூடாது. பின்கதவின் தாழ்ப்பாளுக்கு மாதத்துக்கு ஒருக்கால் எண்ணெய். இப்படியே போகும். நடுவில் இருமுவார். “கேக்குதோ?” என்பார். பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமியின் குரல், “கேக்குது, கேக்குது, சொல்லுங்கோ” என்று எரிச்சலோடு வரும்.

இரண்டு மாதத்தில் மாமா போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, தேத்தண்ணீரோடு கதிரையில் இருந்து மாமி அதைக் கேட்பார். கேட்டு அழுததை நான் பார்த்ததில்லை. சண்டைதான் பிடிப்பார். “உறுதி இப்ப அங்கை இல்லை. எலி வருதெண்டு மாத்தி வைச்சிட்டன்,” என்று டப்புக்குப் பதில் சொல்வார். “எண்ணெய் போன கிழமைதான் விட்டது. சும்மா கத்தாதேங்கோ,” என்பார். பதினொரு நிமிடம் முடிந்ததும் கோப்பையைக் கழுவப் போய்விடுவார்.

“உதை ஒருக்கா வேறை எங்கையாவது கொப்பி பண்ணி வையுங்கோ,” என்று றீற்றா என்னிடம் மூன்று தரம் சொன்னாள். கொம்பியூட்டர் சேர் மூன்று தரமும், “பாப்பம்” என்றார்.

மாமாவின் முதலாவது ஆண்டு நினைவுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை. மறுநாள் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. பிரான்சில் இருந்து பிலோமினா மச்சாள் வீடியோவில் வர, எல்லோரும் சேர்ந்து அந்தப் பதிவைக் கேட்பதாக ஏற்பாடு. மச்சாள் அதை அதுவரை கேட்டதே இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மாமி டப்பை எடுத்துப் பதிவைப் போட்டார். கோடு ஓடியது. நிமிடங்கள் ஓடின. சத்தம் இல்லை.

“தம்பி, உவர் வாயைத் திறக்கிறேல்லை,” என்றார் மாமி.

“ரவுணுக்குக் கொண்டுபோய்க் கடையிலை குடுப்பம்,” என்றாள் றீற்றா.

அந்த ஒரு வசனத்துக்கு “ஓம்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் சிரித்தேன். வைத்தியசாலையில் பெரிய டொக்டர்மார் சிரிப்பார்களே, அப்படி. “கடைக்காரன் கழட்டினால் பிறகு பழைய மாதிரி வராது. நான் இருக்கிறன்தானே?”

மேசையில் ஒரு துவாயை விரித்தேன். டப்பை அதன் மேல் கிடத்தினேன். மாமி எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி இருந்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். குறைத்தேன். மறுபடி கூட்டினேன். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒன்றும் இல்லை.

“மேலை சின்னதா என்னவோ தெரியுது தம்பி,” என்று மாமி கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். “தலையிலை மாட்டிறது மாதிரி ஒண்டு. முந்தி உது அதிலை இருக்கேல்லை.”

திரையின் மேல் மூலையில் காதில் மாட்டும் ஹெட்போன் போல ஒரு சிறிய படம் இருந்தது உண்மைதான்.

“அது கொம்பனிக்காரன்ரை அடையாளம் மாமி,” என்றேன்.

(அறுபத்து நான்கு வயதுப் பெண், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், முதல் பத்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். நான்தான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.)

அடுத்ததாக, ஸ்பீக்கர் துளைகளில் தூசி இருக்கலாம் என்று அறிவித்தேன். ஊதினேன். பல் தீட்டும் பிறஸ் ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். அது றீற்றாவின் புதுப் பிறஸ். பிறகு ஈரப்பதன் என்று ஒரு புதிய எதிரியைக் கண்டுபிடித்தேன். “தண்ணி படேல்லையே தம்பி?” என்றார் மாமி. “படத் தேவையில்லை மாமி. கடல் காத்தே போதும்,” என்று சொல்லி டப்பை அரிசி வாளிக்குள் புதைத்தேன். அரிசி வாளியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சோறு இல்லை, கடைப் பாண்தான்.

இரண்டு மணிக்கு டப்பைத் தோண்டி எடுத்தேன். துளைகளில் உமி ஏறியிருந்தது. சத்தம் இல்லை.

“இப்பவும் காலம் போகேல்லை. கடைக்குக் கொண்டு போவம்,” என்றாள் றீற்றா. இந்த முறை அவள் குரலில் பயம் இருந்தது. அந்தப் பயம் எனக்கு ரோசத்தைக் கிளப்பிவிட்டது. என்னுடைய போனில் தேடினேன். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர், எந்த மொழி என்று தெரியாத மொழியில், சத்தம் போன டப்பைத் திருத்திக் காட்டும் வீடியோ ஒன்று கிடைத்தது. அவர் விரல் போன வழியில் என் விரலும் போனது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பந்தியும் அதன் கீழே ஒரு பொத்தானும் வந்தன. அந்த வீடியோக்காரர் பந்தியை வாசிக்காமல் பொத்தானை அழுத்தினார்.

என் விரல் பொத்தானுக்கு மேலே நிற்கும்போது மாமி கேட்டார்: “ஒண்டும் அழியாதே தம்பி?”

“சீ… சத்தம் மட்டும்தான் மாறும் மாமி.”

இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களும் பிழைகளும் எத்தனையோ. இரவில் விழிப்பு வந்தால் என் காதில் விழுவது இந்த ஒரு வசனம்தான். சொன்னபோது பொய் என்று எனக்குத் தெரியாது என்பதும் ஆறுதலாக இல்லை. உண்மை என்றும் எனக்குத் தெரியாதே.

டப் அணைந்தது. ஒரு வட்டம் சுழன்றது. பிறகு கடையில் வாங்கின அன்று இருந்ததுபோலப் பளிச்சென்று எழும்பி, எல்லா மொழியிலும் வணக்கம் சொன்னது. “பாத்தீங்களோ, புதுசு மாதிரி!” என்றேன். மாமிக்கு வசதியாக இருக்கட்டும் என்று தமிழைத் தெரிவு செய்தேன். குரல் பதிவுப் படத்தைத் தேடித் திறந்து மாமியிடம் பெருமையாக நீட்டினேன்.

மாமி எழுத்துக் கூட்டி வாசித்தார்: “பதிவுகள்… எதுவும்… இல்லை.”

ஆங்கிலத்தில் விட்டிருந்தால் ஓர் அரைநாளாவது கிடைத்திருக்கும்.

“எதுவும் இல்லையெண்டால் என்ன தம்பி?”

“சத்தம் வந்தாப்போலை அதுவும் வந்திடும் மாமி,” என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளுடையதுபோலக் கேட்டது. றீற்றா டப்பை என் கையிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

ரவுணில் இருந்த அந்தக் கடையில் திருத்துகிறவர் என் வயதுப் பெண். டப்பை வாங்கித் திரையின் மேல் மூலையை ஒரு பார்வை பார்த்தார். சின்ன ரோர்ச் லைற்றை இயர்போன் குத்தும் ஓட்டைக்குள் அடித்தார். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியில் ஏதோ பசையைத் தொட்டு உள்ளே விட்டு, கொஞ்சம் பொறுத்து, இழுத்தார். அரிசியளவு உலோகத் துண்டொன்று வெளியே வந்தது.

“இயர்போன் முனை உள்ளுக்கை முறிஞ்சு கிடந்திருக்கு. இயர்போன் போட்டிருக்கு எண்டு நினைச்சு டப் வெளியிலை சத்தம் விடேல்லை. அவ்வளவுதான் அண்ணை. வேறை ஒரு பழுதும் இல்லை.”

றீற்றா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “புதன்கிழமை டப்பிலை கிரிக்கெற் பாத்தது ஆர்?”

நான்தான். எங்கள் பக்கம் விக்கெற் விழுந்த கோபத்தில் எழும்பும்போது இயர்போன் வயர் கதிரையில் கொழுவி இழுபட்டது. முனை இல்லாமல் வந்த இயர்போனைப் பார்த்து, இந்தக் காலத்தில் ஒரு பொருளும் ஒழுங்காகச் செய்கிறார்கள் இல்லை என்று அதைச் செய்தவனைத் திட்டி, குப்பை வாளிக்குள் எறிந்தேன். முறிந்த முனை எங்கே போயிருக்கும் என்று கொம்பியூட்டர் சேர் யோசிக்கவில்லை.

“அக்கா, இதுக்குள்ளை எங்கடை அப்பான்ரை குரல் ஒண்டு இருந்தது,” என்றாள் றீற்றா. “இப்ப காணேல்லை.”

கடைக்காரப் பெண் டப்பைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. “இதை ஆரோ முழுசா அழிச்சுப்போட்டினம். வேறை எங்கையும் கொப்பி இருக்கோ?”

“இல்லை.”

“அழிச்சது ஆர்?”

றீற்றா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கிய போன் உறைகளைப் பார்த்தேன்.

“தெரியாது,” என்றேன்.

வாழ்க்கையில் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னேன். அதுவும் பொய்.

“ஆரெண்டாலும் அந்தாளின்ரை கையிலை இனி ஒரு சாமானும் குடுக்காதேங்கோ,” என்றார் அவர். டப்பைத் தன் கொம்பியூட்டரில் பொருத்தி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முயன்றார். பிறகு றீற்றாவிடம் மட்டும், “மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா” என்றார். அந்தக் கடையில் அன்று மன்னிப்புக் கேட்டது பிழை செய்யாத அந்த ஒருவர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் றீற்றா சொன்னாள்: “நான் சொல்ல மாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

மாமி குசினிக்குள் மறுநாள் சாப்பாட்டுக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “மாமி, அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சனான்.”

மாமி கையை நிறுத்தினார். “எல்லாமோ?”

“எல்லாம்.”

கையில் இருந்த உள்ளியைத் தட்டில் வைத்தார். பிறகு, “நான் கதைச்சதுமோ?” என்று கேட்டார்.

அந்தப் பதிவில் மாமியின் குரலும் இருந்ததை நான் அதுவரை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் கதைத்துக்கொண்டது அந்த ஓர் இடத்தில்தான் மிஞ்சியிருந்தது. ஓம் என்று தலையாட்டினேன். மாமி மறுபடியும் உள்ளி உரிக்கத் தொடங்கினார். திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, திட்டுக்கூட எனக்கு இல்லை என்று விளங்கியதும் போய்விட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கூடியிருக்க, பிலோமினா மச்சாள் வீடியோவில் வந்தார். “எங்கை அம்மா, அப்பான்ரை குரல்? போடுங்கோவன். நான் வேலைக்கு லீவு போட்டிட்டு இருக்கிறன்.”

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. “டப் பழுதாப் போச்சு பிள்ளை,” என்றார். “பழைய சாமான்தானே.”

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அன்று சோறு இறங்கியிருக்கும்.

அதன் பிறகு மாமி எனக்குச் சாப்பாடு போட்டார், தேத்தண்ணீர் தந்தார், உடுப்பு மடித்து வைத்தார். கதைப்பது மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கதிரையில் தேத்தண்ணீரோடு இருப்பார். சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் கோப்பை கெதியாக, ஐந்து நிமிடத்திலேயே, முடிந்துவிடும்.

மூன்றாவது ஞாயிறு நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மாமாவின் கை எப்போதும் எண்ணெயும் கிறீசுமாக இருக்கும். அதனால் எழுத்தில் செய்தி அனுப்ப மாட்டார், குரலில்தான் அனுப்புவார். எஞ்சின் கொடுத்த யாருடைய போனிலாவது ஒரு துண்டு கிடக்காதா? குருநகரில் ஒவ்வொரு வள்ளக்காரராகக் கேட்டேன். பிறகு பாசையூர். எல்லோருக்கும் மாமாவை ஞாபகம் இருந்தது, ஒருவரிடமும் குரல் இல்லை. ஒருவர் போன் மாற்றிவிட்டார். ஒருவரின் போன் கடலுக்குள் விழுந்திருந்தது. ஒருவர், “பேச்சு வாங்கினதைச் சேத்தோ தம்பி வைப்பினம்?” என்றார். பிலோமினா மச்சாளிடம் ஒரு நத்தார்ப் பண்டிகை வீடியோ இருந்தது. அதில் மாமா ஐந்து நிமிடம் றொட்டி சாப்பிடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாக ஒருவர், “அந்தோனியைக் கேட்டுப் பாருங்கோ. வள்ளத்தை வித்திட்டு இப்ப கொடிகாமம் சந்தையிலை மீன் விக்கிறான்,” என்றார்.

அந்தோனி அண்ணை மீன் தட்டுக்குப் பின்னால் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்றை எடுத்தார். “எனக்கு உதுகளை அழிக்கத் தெரியாது தம்பி. வந்ததெல்லாம் அப்பிடியே கிடக்கு.”

உலகத்தில் அழிக்கத் தெரியாத ஒருவர் இருந்தாரே என்று அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் மேலும் கீழும் தேடி, ஒன்றைக் காதோடு வைத்துக் கேட்டார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“ஒண்டு கிடக்கு. ஆனால்… தம்பி குறை நினைக்கக்கூடாது.”

“போடுங்கோ அண்ணை.”

சந்தை இரைச்சலுக்கு நடுவில் மாமாவின் குரல் வந்தது:

“அந்தோனி, எஞ்சினைக் கொண்டுவந்து வீட்டிலை வைச்சிட்டுப் போ. நான் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் பின்னேரம்தான் வருவன். ஒண்டு சொல்லுறன் கேள். வீட்டிலை என்ரை மருமோன் நிப்பான். தங்கமான பெடியன். குடிக்கமாட்டான், என்ரை பிள்ளையை ஒரு சொல் ஏசமாட்டான். ஆனா அவனிட்டை ஸ்குறூ டிறைவரை மட்டும் குடுத்திடாதை. ‘நான் பாக்கிறன், நான் பாக்கிறன்’ எண்டு வருவான். அவன் பாத்தானெண்டால் பிறகு நான் பாக்க ஒண்டும் மிஞ்சாது. சாக்காலை மூடி வைச்சிட்டுப் போ. அவன்ரை கண்ணிலை படக்கூடாது.”

எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். முகத்துக்கு நேரே மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்துத் தட்டுக்காரரும் மீன் வாங்க வந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். “இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை,” என்றேன். இரண்டாம் முறை கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த இடத்துக்கு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வழியில் ஏதாவது நடந்துவிடும் என்ற பயத்தில், சந்தையில் நின்றபடியே அதை என் போனுக்கும் றீற்றாவின் போனுக்கும் பிலோமினா மச்சாளுக்கும் அனுப்பிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

வீட்டில் மாமி கதிரையில் இருந்தார். அருகே போய் அந்தக் குரலைப் போட்டுவிட்டேன். முதல் சொல்லிலேயே மாமியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. ‘தங்கமான பெடியன்’ என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஸ்குறூ டிறைவர் வந்ததும் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். குசினியில் இருந்து ஓடிவந்த றீற்றா, அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நின்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு மாமி என்னோடு கதைத்தார். “எனக்கும் சொன்னவர் தம்பி,” என்றார். “நான்தான் அண்டைக்கு மறந்துபோனன்.”

இப்போது அந்தக் குரல் எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. (கொப்பி பண்ணிக் கொடுத்தது நானேதான்.) ஒவ்வொரு வருடமும் மாமாவின் நினைவு நாளில் சாப்பாட்டுக்கு முன் அதைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் யாராவது, “ஆர் அந்த மருமோன்?” என்று கேட்டால் மாமி அகப்பையால் என்னைக் காட்டுவார். பிலோமினா மச்சாளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வரும். ஆனால் அவர்கள் வீட்டில் ஏதாவது பழுதாகித் தகப்பன் கையை வைக்கப் போனால், இரண்டும் சேர்ந்து, “அவனிட்டை ஸ்குறூ டிறைவரைக் குடுத்திடாதை!” என்று நல்ல குருநகர்த் தமிழில் கத்துமாம்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி தனியாக இருந்து அதைக் கேட்கும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை. நாற்பது விநாடி. அதில் மாமா அந்தோனியோடு கதைக்கிறார். என்னைப் பற்றிக் கதைக்கிறார். மாமியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேறு ஒருவருக்குச் சொன்னதை மாமி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், பதில் சொல்ல ஓர் இடமும் இல்லாமல்.